புருவத்தில் ஊசி ஏறும் முன்

சித்தூர், திருப்பதி பியூட்டி பார்லர்களின் விலைப்பட்டியலில் த்ரெட்டிங், ஃபேஷியலுக்குக் கீழே புருவத்துக்கு மைக்ரோபிளேடிங், உதட்டுக்கு லிப் பிளஷ் என்ற பெயர்களும் இப்போது சேர்ந்துவருகின்றன. பட்டியலில் பக்கத்து வரியில் இருப்பதாலேயே இதுவும் த்ரெட்டிங் மாதிரித்தான் என்று பலரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் பர்மனன்ட் மேக்கப் எனப்படும் இவற்றில் மெல்லிய ஊசிகளால் தோலைக் கீறி, மேல்தோலுக்கு அடியில் நிறமியைச் செலுத்துகிறார்கள். முகத்தில் பச்சை குத்திக்கொள்வதுதான் இது. காயம் உண்டாகும், ரத்தம் கசியும், முழுதாக ஆற ஒன்றரை மாதம் வரை ஆகும்.

இதை யாருமே செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புற்றுநோய் சிகிச்சையிலோ புழுவெட்டிலோ புருவம் உதிர்ந்துபோன ஒரு பெண்ணுக்குக் கண்ணாடி முன் நிற்கும் தைரியத்தை இது திருப்பித் தருகிறது. உதட்டில் வெண்புள்ளி வந்து, மேலும் பரவாமல் நின்றுவிட்டவர்களுக்குத் தோல் மருத்துவர்களே நிறமி ஏற்றுகிறார்கள். யார் செய்கிறார்கள், எந்த ஊசியால், எந்த மையால் என்பதைத் தெரிந்துகொண்டு செய்துகொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் பக்கத்துக்குப் பச்சை புதிதல்ல. எருகல, குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராக வந்து குத்திவிட்ட பச்சை, இங்குள்ள வயதான பெண்களின் முன்கையிலும் நெற்றியிலும் இன்றும் இருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் அவர் கையை உற்றுப் பாருங்கள். உள்ளே போனது விளக்குக் கரி, நல்ல கறுப்பு. வெளியே தெரிவதோ பச்சையும் நீலமும் கலந்த நிறம். ஆழத்தில் கிடக்கும் கறுப்பின் மேல் ஒளி சிதறுவதால் அது நீலச் சாயலோடுதான் கண்ணுக்குத் தெரியும். புருவத்தில் ஊசி தேவைக்கு மேல் ஆழம் போனாலும் இதே கதைதான். அடர்பழுப்பு கேட்டவருக்கு நாளடைவில் சாம்பல் நீலப் புருவம் மிஞ்சும். முடியிழை மாதிரி வரைந்த கோடுகள் கசிந்து ஒரே பட்டையாகிவிடும். ஆழத்தைத் தீர்மானிப்பது செய்பவரின் கைப்பழக்கம் ஒன்றுதான். ஆகவே அவர் முன்பு செய்தவர்களின் படங்களைக் கேட்டுப் பாருங்கள். செய்து முடித்த அன்று எடுத்த படம் எல்லோருக்கும் அழகாகவே இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுத்த படம்தான் உண்மையைச் சொல்லும்.

முறையாகச் செய்பவர் சில நாள் முன்னதாகவே காதுக்குப் பின்னால் துளி மை வைத்து ஒவ்வாமை பார்ப்பார். அன்றைக்குப் புருவத்தை அளந்து வரைந்து, உங்கள் சம்மதம் வாங்கி, மரப்பு கிரீம் தடவி, பிறகுதான் ஊசியை எடுப்பார். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்த மரப்பு கிரீமையும் கவனியுங்கள். லிடோகெய்ன் அளவு மிகுந்த இத்தகைய கிரீம்களால் இதயத்துடிப்பு தடுமாறலாம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்தது. டியூபில் மருந்தின் அளவும் தயாரிப்பாளர் பெயரும் அச்சிட்டிருக்கிறதா என்று வாங்கிப் படியுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்புள்ளவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் உட்காரவே கூடாது. உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்களுக்கு லிப் பிளஷ் அதைத் தூண்டிவிடும். முன்கூட்டியே தடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்குப் பயம் பிடிக்கிறது. முதல் சில நாட்கள் புருவம் கரியால் தீட்டியது போல் அடர்ந்து தெரியும். லேசான வீக்கமும் எரிச்சலும் இருக்கும். உதடு என்றால் வீக்கம் இன்னும் அதிகம். நான்காம் ஐந்தாம் நாள் பொருக்கு கட்டும், அரிக்கும், தானாக உதிரும். நகத்தால் உரித்தால் அந்த இடத்து நிறமும் கூடவே போய்விடும், தழும்பும் விழலாம். பொருக்கு உதிர்ந்ததும் நிறமே பிடிக்கவில்லையோ என்று தோன்றும் அளவுக்கு வெளிறும். புதுத்தோல் தெளிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். உண்மையான நிறம் அப்போதுதான் தெரியும். டச்-அப் அதற்குப் பிறகுதான். இரண்டாம் வாரமே மறுபடி ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் அலிபிரி படியேறுவதும் புஷ்கரிணியில் முங்குவதும் வேண்டாம். வியர்வையும் குளத்துத் தண்ணீரும் ஆறாத காயத்துக்கு ஆகாது. சித்தூர் வெயிலில் குடையில்லாமல் நடந்தால் நிறம் சீக்கிரம் மங்கும். மஞ்சள், குங்குமம், தேங்காயெண்ணெய் எதையும் மேலே பூசாதீர்கள். நலங்கு மஞ்சள்கூடப் புருவத்தில் படக் கூடாது. அதனால்தான் தையில் முகூர்த்தம் வைத்திருக்கும் பெண் கார்த்திகைத் தொடக்கத்திலேயே இதை முடித்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் உட்காருவது பெரிய தவறு.

சிவப்பும் வலியும் குறையாமல் கூடிக்கொண்டே போனால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் பார்லரில் தரும் களிம்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. திருப்பதி ரூயா மருத்துவமனை, சித்தூர் அரசு மருத்துவமனை, பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. என்று எங்கே முடிகிறதோ அங்கே தோல் மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு மாதங்கள் கழித்துக்கூடப் புருவம் தடித்துக் கட்டி கட்டியாகும். அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதே.

எல்லாவற்றையும் விட நான் அஞ்சுவது ஊசியை. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி இன்னொருவர் தோலில் இறங்கினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் பரவ வழி உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் ஊசிவழி முகச்சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "அக்கா, ஊசியை என் கண் எதிரே பிரிங்க." புது உறை, காலாவதித் தேதி, கையுறை, மை ஊற்றப் புதுக் கிண்ணம், இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை. பழைய ஊசி என்று பிறகு தெரியவந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். இன்னொன்று, இதைச் செய்துகொண்டபின் 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது.

மையின் நிலைமையும் நிம்மதி தருவதாக இல்லை. பச்சை குத்தும் மைகளைச் சோதித்ததில் ஆர்சனிக், குரோமியம் உள்பட 22 உலோகங்கள் இருந்ததாகக் கர்நாடக சுகாதாரத் துறை 2025 தொடக்கத்தில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் இந்த மைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தவரும் ஊசியைப் பிடிக்கலாம். அரசு இதை இன்னும் இப்படியே விட்டுவைத்திருப்பது சரியல்ல. பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். பழுப்பு நிறமிகளில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் லேசர் பட்டதும் சிலருக்கு அது கறுத்துப்போகிறது.

தனிச் சட்டம் இல்லை என்பதற்காக உரிமையும் இல்லை என்று ஆகாது. காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவைக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. "எது நடந்தாலும் நிலையம் பொறுப்பல்ல" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்தைக் காட்டி அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. தாள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

பில், பணம் அனுப்பிய குறுஞ்செய்தி, மைப்புட்டியின் லேபிள் படம், முதல் நாளிலிருந்து தேதியோடு எடுத்த முகப்படங்கள், மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். இதன் அருமையை ஒரு வழக்கு காட்டும். 2018-இல் டெல்லி நட்சத்திர விடுதியொன்றில் முடிவெட்டு கெட்டுப்போன பெண்ணுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொல்லி 2021-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவைக் குறைபாடு என்ற முடிவில் கைவைக்காமல், இவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று அந்தத் தொகையை மட்டும் ரத்து செய்து, திரும்ப விசாரிக்க அனுப்பியது.

முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், வேலூரிலோ சென்னையிலோ செய்துகொண்ட சித்தூர்ப் பெண் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். சுகாதாரக் கேட்டைப் பற்றி மாவட்ட மருத்துவ சுகாதார அலுவலரிடமும், திங்கட்கிழமை குறைதீர்ப்பில் கலெக்டரிடமும் மனுக் கொடுக்கலாம். அலட்சியத்தால் உடம்புக்குக் கேடு வந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவின்கீழ் போலீசிலும் புகார் தரலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.