சர்க்கரை நீரும் ஒரு சிறிய நாவும்

நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர், புழக்கடையில் தொங்கும் புட்டியை நாடி வருகிற ரீங்காரச் சிட்டுகளுக்கு வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து வைப்பதற்குப் பதிலாகத் தேனோ, நாட்டுச் சர்க்கரையோ, பனங்கற்கண்டோ வைத்தால் இன்னும் ஆரோக்கியமான ஆகாரமாக இருக்குமல்லவா என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியில் உள்ள வாஞ்சையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு என்பதைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. நீர் கலந்த தேனில் பூஞ்சைக் காளான் வெகு விரைவில் பெருகும். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் நாம் போற்றுகிற இரும்புச் சத்தோ, ஏறக்குறைய 3 கிராம் எடையுள்ள அந்தச் சரீரத்தில் சேர்ந்து தீங்கு விளைவிக்கக் கூடியது. இந்தச் சிட்டுகள் விரும்பி நாடும் பூக்களின் மதுவிலும் பெரும்பாலும் மிகுந்திருப்பது நம் அடுக்களைச் சர்க்கரையின் இனமேயாதலால், சுத்தமான வெள்ளைச் சர்க்கரை அவற்றின் இயற்கை உணவுக்கு மிகவும் நெருங்கியது.

நம் ஊர்ச் செம்பருத்தியில் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டை இதற்கு உறவென்று கருதுவோர் பலர். உண்மையில் ரீங்காரச் சிட்டு இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது; உழவாரன் குருவிதான் அதற்குக் கிட்டிய சுற்றம்.

அந்தரத்தில் நின்று பறப்பதையும் பின்னோக்கிப் பறப்பதையும் எல்லோரும் வியந்து பேசியாயிற்று. என் மனத்தை நெடுநாளாகக் கவர்ந்து வைத்திருப்பது அதன் நாவு. நுனி இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவும் ஓரம் சுருண்ட ஒரு நுண்ணிய வாய்க்காலாக அமைந்த அந்த நாவை நீட்டி மடக்கும் எலும்புகள், மண்டை ஓட்டைப் பின்புறமாகச் சுற்றி வளைந்து நெற்றிப் பக்கம் வரை செல்லுகின்றன. நுண்ணிய குழாயில் திரவம் தானாகவே மேலேறும் என்கிற இயற்பியல் விதியின்படி மதுவும் இந்த வாய்க்கால்களில் ஏறுகிறது என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் ஊகித்துச் சொன்னதையே பின்வந்த நூல்களெல்லாம் எடுத்து எழுதி வந்தன. பறவையோ விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் நாவை நீட்டி இழுப்பதாயிற்றே, அத்தனை விரைவுக்கு அந்த மெதுவான ஏற்றம் ஈடுகொடுக்குமா என்கிற ஐயத்தை யாரும் கண்ணால் பார்த்துத் தீர்க்கவில்லை.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ ரிக்கோ-கெவாரா, மார்கரெட் ரூபேகா என்னும் இருவர், உள்ளே நடப்பது தெரியும்படியான கண்ணாடிப் புட்டிகளை வைத்து, அதிவேகப் படக்கருவியால் அந்த நாவைப் படம் பிடித்தார்கள். நுனியிலுள்ள மெல்லிய இழைகள் மதுவுக்குள் விரிந்து, வெளியே இழுக்கப்படும்போது உட்புறமாகச் சுருண்டு துளியைச் சிறைப்பிடிக்கின்றன என்று 2011இல் வெளியிட்டார்கள். அலகின் நுனியில் நசுங்கித் தட்டையாக வெளிவரும் வாய்க்கால்கள், மதுவைத் தொட்ட க்ஷணமே பழைய வடிவத்துக்கு விரிந்து அதை உறிஞ்சிக் கொள்கின்றன என்று 2015இல் எழுதினார்கள். பள்ளிப் பருவத்தில் மைக்கூட்டில் நிரப்பியை நுழைத்து, அமுக்கிய ரப்பர்க் குமிழை விட்டவுடன் மை விர்ரென்று மேலேறியதைப் பார்த்திருக்கிறேன். அதே யுக்திதான் இங்கும், ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவிய தவறான அபிப்பிராயத்தைப் பொறுமையான பார்வை திருத்தியது என்பதில் எனக்கு அளவிறந்த மகிழ்ச்சி.

வாசகரின் முற்றத்துக்கு வருவது தொண்டையில் மாணிக்கச் சிவப்பு மின்னும் இனமாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது அது ஒன்றுதான். அந்தச் சிவப்பு ஆணுக்கு மட்டுமே உரியது. அதுவும் ஒளி படும் கோணம் மாறினால் கறுத்துவிடும். விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் கவனித்துப் பார்க்கட்டும். உணவின்றி இரவைக் கழிக்க வேண்டிய இந்தச் சிட்டு, குளிர்ந்த இரவுகளில் உடற்சூட்டைத் தாழ்த்தி மரத்துக் கிடந்தாவது உயிர் காக்கும் திறம் உடையதாதலால், அந்த இரு வேளைகளிலும் அதன் பசி மிகுதி. ஓர் ஆண் சிட்டு புட்டியைத் தன் சொத்தாக்கிக் கொண்டு மற்றவற்றைத் துரத்துமானால், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாத இடத்தில் இன்னொரு புட்டியை மாட்டிவிடலாம். இலையுதிர் காலத்திலும் புட்டி தொங்கினால் பறவை வலசை போகாமல் தங்கிவிடும் என்று அஞ்ச வேண்டாம். பகற்பொழுது குறுகுவதே அதற்குப் பயண அழைப்பு. உடலில் கொழுப்பைச் சேர்த்து எடையை ஏறத்தாழ இரட்டித்துக் கொண்டு, அவற்றில் பல மெக்ஸிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோமீட்டர், இடையில் இளைப்பாறாமல் கடக்கின்றன.

இவ்வளவு பெரிய பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் ஜீவனுக்கு மக்கள் என்ன வைக்கிறார்கள் என்று பார்க்கையில் என் மனம் வருந்துகிறது. கோடை வெயிலில் வாரக்கணக்காகப் புளித்துக் கலங்கிய நீரும், உட்புறம் கறுத்துப் பூஞ்சை படிந்த புட்டியும், அவசியமே இல்லாத செயற்கைச் சிவப்புச் சாயமும் எத்தனை முற்றங்களில்! புட்டியின் மீதுள்ள சிவப்பே பறவையை அழைக்கப் போதும். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பது இன்னும் பெரிய அநீதி. சர்க்கரை வலிமை தருமேயன்றி உடலை வளர்க்காது, குஞ்சுக்குத் தாய் ஊட்டும் சத்துணவு சின்னஞ்சிறு பூச்சிகளும் சிலந்திகளுமேயாகும். அந்தச் சிலந்தியின் நூல்கொண்டுதான் கூட்டையும் அது பிணைக்கிறது.

ஆகவே, வெயில் நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை புட்டியை வெந்நீரில் தேய்த்துக் கழுவிப் புது நீர் நிரப்புங்கள். பூனை எட்டாத இடத்தில் மாட்டுங்கள். அதற்கு நேரமில்லாதவர் புட்டியை இறக்கிவிட்டு, அந்த நாட்டு மண்ணுக்கே உரிய செந்நிறக் கார்டினல் மலர்ச் செடியையோ டிரம்பெட் ஹனிசக்கிள் கொடியையோ வேலியோரம் நட்டுவிட்டால், சிட்டுகளுக்கு அதுவே மேலான உபசாரம்.