கற்கால ஊருக்கு ஏன் இந்தக் கரை?

மைசூருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கபினி ஆறு காவிரியோடு சேர்கிறது. டி.நரசிபுரா என்ற அந்த ஊருக்கு மக்கள் போவது கூடலில் நீராட. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் எம்.சேஷாத்ரி 1959-60இல் அங்கே போனது கரை மண்ணைத் தோண்டிப் பார்க்க. சாம்பல் நிறப் பானைகளும், வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளும், மனிதர்களைப் புதைத்த குழிகளும் வெளிப்பட்டன. தலை சாய்த்துக்கொள்ளச் சுட்ட மண்ணில் செய்த தாங்கிகளும் இருந்தன. கரிமக் காலக்கணிப்பு இந்தப் புதிய கற்கால வாழ்விடத்தைக் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் வைக்கிறது.

பானையும் கோடரியும் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடும். அந்த ஊர் அங்கே அமைந்ததற்கான காரணம் வராது. அது நிலத்திலேயே கிடக்கிறது.

காரணத்தை மழையிலிருந்து தேட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் மைசூருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும் பங்கு மே மாதக் கோடை மழையாகவும், செப்டம்பர், அக்டோபர் மழையாகவும் பெய்கிறது. கபினி பிறப்பதோ வயநாட்டில். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும் ஜூலையில், உள்ளூரில் தூறல் மட்டுமே இருந்தாலும் நரசிபுராவில் ஆறு கரை தொட்டு ஓடும். எங்கோ ஒரு மலையில் பெய்த மழையை நம்பி, அவ்வளவாக மழை இல்லாத சமவெளியில் குடியிருக்க முடிந்த இடம் அது. வெள்ளம் வடிந்தபின் மிஞ்சும் வண்டலும் ஈரமும் மேய்ச்சலுக்கு உதவின என்றே நான் நினைக்கிறேன்.

வடக்கே பெல்லாரிக்குப் போனால் காட்சி மாறுகிறது. சங்கனகல்லு, குப்கல் குன்றுகளின் அருகில் பேராறு எதுவும் இல்லை. மழையும் மைசூரைவிடக் குறைவு. அங்கிருந்த புதிய கற்கால மக்கள் கிரானைட் குன்றுகளின் உச்சித் தளங்களிலும் சரிவுகளிலும் வாழ்ந்தார்கள். சுற்றிலும் கரிசல் சமவெளி விரிந்து கிடந்தும் மேலே ஏறியதற்குக் குன்றே விடை சொல்கிறது. மொட்டைப் பாறையில் விழும் மழை மண்ணுக்குள் போகாமல் வழிந்தோடிப் பாறைக் குழிகளிலும் அடிவாரத்திலும் தேங்கும். கருவிக்கான கல்லும் மேலேயே இருந்தது. அங்குள்ள ஹிரேகுட்டா குன்றில் கிரானைட்டை ஊடுருவி நிற்கிறது டோலரைட் என்ற கரும்பாறை. அதை உடைத்துக் கோடரி செய்த பட்டறைகளின் கற்சில்லுகள் குவியல் குவியலாக இருக்கின்றன. மாட்டுச் சாணத்தைத் திரும்பத் திரும்ப எரித்ததால் உண்டான சாம்பல் மேடுகளும் அந்த வட்டாரத்துக்கே உரியவை. மைசூர்ப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களில் அவை இல்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் மேசா வெர்டே என்ற தட்டைத்தலை மலைநாட்டிலும் மேட்டு நிலத்தில்தான் மக்காச்சோளம் விளைந்தது. 1276 முதல் 1299 வரை நீண்ட வறட்சியை அங்கே மர வளையங்களில் எண்ணிப் படித்திருக்கிறார்கள்; அந்தக் காலத்தில்தான் ஊர்கள் காலியாயின. மர வளையங்களுக்குப் பதிலாக நமக்குக் கைகொடுப்பது கருகிய விதை. தோண்டிய மண்ணை நீரில் கரைத்தால் கரியான விதைகள் மிதந்து மேலே வரும். தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில் இப்படிக் கிடைத்தவை கொள்ளும் பாசிப்பயறும், கன்னடர்கள் கொரலெ என்று சொல்லும் சிறுதானியமும். திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியிலும் கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. எல்லாமே குறைந்த மழைக்குத் தாங்கும் பயிர்கள். மானாவாரி உழவர் இன்றும் நம்பி விதைப்பவை.

குப்கல் குன்றில் மாடுகளைச் செதுக்கிய பாறைகளும், தட்டினால் மணிபோல ஒலிக்கும் கற்களும் உள்ளன. கல் குவாரிகள் அந்தக் குன்றையே வெட்டத் தொடங்கியது எனக்கு ஆறாத வேதனை. அகழாய்வுக் குழிக்கு மட்டும் வேலி போடும் வழக்கத்தை மாற்றி, குன்றும் கரும்பாறையும் நீர் தேங்கும் அடிவாரமும் சேர்ந்த முழு நிலத்தையும் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். நரசிபுராக் கரைக்கும் இது பொருந்தும்.