தர்ம அடி விழாத குற்றங்கள்

பஸ்ஸில் பர்ஸ் அடித்து மாட்டிக்கொண்டவனுக்குத் தர்ம அடி விழுகிறது. வங்கிப் பணத்தைச் சுருட்டியதாக வழக்கில் சிக்கும் தொழிலதிபருக்கு விழுவதில்லை. 'கெட்டிக்காரன்யா' என்றொரு முணுமுணுப்புதான் கேட்கிறது. இந்த முணுமுணுப்பின் கருத்தியல் என்ன?

'வெள்ளைக் காலர் குற்றம்' என்பதை 1939இல் ஒரு கருத்தாக்கமாக முன்வைத்த அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் சில காரணங்கள் சொன்னார்: தொழிலதிபர் மீதான அச்சமும் வியப்பும், பாதிப்பு பலர்மீது சிதறி விழுவதால் கோபம் திரளாமை, செய்தி ஊடகங்கள் அதே வர்க்கத்தின் கையில் இருப்பது. 1949இல் வந்த அவரது நூலிலிருந்தே கம்பெனிகளின் பெயர்கள் நீக்கப்பட்டன. முழுப் பிரதி அச்சேறியது 1983இல்தான். கோட்பாட்டுக்கு அதன் பதிப்பு வரலாறே சாட்சி!

1992 ஏப்ரலில் வெடித்த ஹர்ஷத் மேத்தா விவகாரத்தைப் பாருங்கள். வங்கிகள் அரசுக் கடன்பத்திரங்களைக் குறுகிய காலத்துக்குத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும். நடுவில் தரகர். பத்திரம் நகராது, 'பேங்க் ரசீது' மட்டும் நகரும். பின்னால் பத்திரமே இல்லாத ரசீதுகளைச் சிறு வங்கிகள் கொடுத்தன. அந்தப் பணம் பங்குச்சந்தைக்குள் பாய்ந்தது. சுமார் 200 ரூபாயில் இருந்த ஏ.சி.சி. பங்கு 9,000 வாக்கில் போய் நின்றது.

சாமானியர் கண்ணில் ரசீது படவில்லை; 'பிக் புல்'லும் அவரது லெக்சஸ் காரும்தான் பட்டன. கைதுக்குப் பிறகும் மத்தியதர வர்க்கத்தில் ஒரு பகுதி அவரை விட்டுக்கொடுக்கவில்லை. 'அவன் ஒருத்தன் மட்டுமா? பேங்க்காரன் யோக்கியமா?' என்றது. இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சட்டம் ஆள் பார்த்துப் பாயும் என்கிற அனுபவ அறிவு அதில் இருக்கிறது.

ஆனால் 'எல்லாரும் திருடங்கதான்' என்பது கலகம்போலத் தொனித்தாலும், முடிவில் யாரையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. 'வில்லன்' என்ற சொல்லாடலும் 'பலியாடு' என்ற சொல்லாடலும் எதிரெதிர் போலத் தோன்றும். இரண்டுமே ஒரு தனிமனிதனின் வாழ்க்கைக் கதையாக விவகாரத்தைச் சுருக்கிவிடுகின்றன. 1999இல் மாருதி வழக்கில் தண்டிக்கப்பட்ட மேத்தா, பல வழக்குகள் முடியாமலே 2001 டிசம்பர் 31 அன்று காவலில் இறந்தார். 2020இல் வந்த தொலைத்தொடர் புதிய தலைமுறைக்கும் அவரை நாயகனாக்கியது.

அவர் நல்லவரா கெட்டவரா என்று பேசியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. வெற்று ரசீதில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?