போனில் ஒளிந்திருக்கும் செட்டிங்

ஈக்காட்டுத்தாங்கல் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்தால், "அம்மா, போனை வேகமாக்கித் தர்றேன்" என்பான். செய்யட்டும், நாமும் தெரிஞ்சுக்கணும்.

ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் 'பில்டு நம்பர்' இருக்கும். அதை 7 தடவை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும்.

தொடலாம்: 'அனிமேஷன் ஸ்கேல்' மூன்றையும் 0.5 ஆக்கினால் திரை சட்டுன்னு மாறும்.

தொடக்கூடாது: 'யுஎஸ்பி டீபக்கிங்'. கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் வாசல் அது. 'ஓஇஎம் அன்லாக்கிங்' வேண்டவே வேண்டாம்; அதைத் தொடர்ந்து பூட்லோடரைத் திறந்தால் போட்டோ, போனில் எழுதிவைத்த குழுக் கணக்கு எல்லாம் அழிஞ்சிடும்.

குழப்பமா? பேங்க் ஆப் திறக்கலையா? மேலே உள்ள சுவிட்சை ஆஃப் செய்யுங்க.

முன்பின் தெரியாதவர் பேசி இதைத் திறக்கச் சொன்னால் போனை வெச்சிடுங்க. பணம் போனால் உடனே 1930-க்குச் சொல்லுங்க.