வங்கதேசம் முதல் வெங்கடகிரி வரை: ஜம்தானி நெசவின் சிறப்பு என்ன?

பாரம்பரிய நெசவைப் பண்பாட்டு மரபாக உலக நாடுகள் போற்றி வருகின்றன. வங்கதேசத்தின் ஜம்தானி நெசவு 2013-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆந்திர மாநிலம், திருப்பதி மாவட்டத்தின் வெங்கடகிரியிலும் இதே முறையில் சேலைகள் நெய்யப்படுகின்றன.

வெலுகோட்டி அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த வெங்கடகிரிச் சேலை, மெல்லிய பருத்தி இழைக்கும் ஜரிகைக் கரைக்கும் பெயர் பெற்றது.

வழக்கமான நெசவில் ஊடை நூல், பாவு நூல்களுக்கு இடையே ஒரு கரையிலிருந்து மறு கரை வரை செல்லும். ஜம்தானியில் அதனுடன், கிளி, மயில், மாங்காய் போன்ற உருவம் அமையும் இடத்தில் மட்டும் கூடுதல் நூல் கையால் கோக்கப்படுகிறது. இதனால் ஒரு சேலைக்கான உழைப்பு பல மடங்காகிறது.

அந்த உழைப்புக்கு விசைத்தறி நகல்கள் சவாலாக உள்ளன. இவற்றில் உருவங்களின் பின்புறம் பெரும்பாலும் நீண்ட இழைகளோ, வெட்டப்பட்ட நூல் முனைகளோ காணப்படும். கைத்தறி முத்திரையும் அசலை அறிய உதவும்.

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, தற்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தியின் நிலையும் இதுவே. துணியில் மூங்கில் எழுதுகோலால் வரையப்படும் கலம்காரி ஓவியங்களுடன் அச்சிட்ட துணிகள் போட்டியிடுகின்றன.

வெங்கடகிரிச் சேலை, ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. குறியீடு பெயரைக் காக்கும். அடுத்த தலைமுறை தறியில் அமர, உழைப்புக்கேற்ற கூலி தேவை.