தடுக்கி விழுகிறதா உங்கள் செல்லம்?

‘அடிக்கடி விழுறியே, கவனம் எங்க இருக்கு?’ என்று குழந்தையைத் திட்டுகிறீர்களா? கண், உள்காது, தசைகள் தரும் தகவல்களை மூளை சேர்த்தால்தான் உடல் தள்ளாடாமல் நிற்கும். இதில் எது பிசகினாலும் தடுமாற்றம்தான்!

2007-ல் விளையாட்டுச் சாதனமாக வந்தது நின்டெண்டோவின் ‘வீ பேலன்ஸ் போர்டு’. நான்கு மூலைகளிலும் சென்சார் உள்ள இந்தப் பலகையில் ஏறி நின்றால், உடல் எந்தப் பக்கம், எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். குழந்தைகளின் சமநிலையை அளக்க ஆய்வாளர்கள் இதையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வீட்டில் செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். 5 வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஒற்றைக்காலில் சுமார் 10 விநாடி நிற்பார்கள். பக்கத்தில் இருந்தபடி, விளையாட்டுபோல் நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஒருநாள் குறைந்தால் பதறாதீர்கள். தொடர்ந்து தடுமாறினால் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாக நடந்த குழந்தை திடீரென்று தள்ளாடினால், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்!