கட்டிலடியில் உறுமும் நாய்

நாய் நன்றியுள்ள பிராணி என்று சிறு வகுப்பிலிருந்தே கட்டுரை எழுதி வருகிறோம். அந்த நன்றியுள்ள பிராணியே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, தினமும் சோறு வைக்கும் அம்மாவைப் பார்த்து உறுமினால் என்ன செய்வது? "திமிர் பிடித்த நாய்" என்று துடைப்பத்தை எடுப்பவர்களே அதிகம். பெரும்பாலும் அது திமிர் அன்று, பயம்.

நாயின் முன்னோர் ஓநாய்கள். அவை குட்டி போடுவதற்குப் பாறையிடுக்கையும் மண்வளையையும் நாடின. அந்தச் சுபாவம் நம் வீட்டு நாய்க்கும் உண்டு. கட்டிலடி, மாடிப்படியின் கீழ்ப்பக்கம், தையல் மிஷினின் பின்புறம் என்று தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். அந்த மறைவிடத்தில் ஒரு சங்கடமும் உண்டு. மூன்று பக்கமும் அடைப்பு. நாம் குனிந்து பார்க்கும் பக்கம்தான் வாசல். வெட்டவெளியில் பயந்த நாய் ஓடிவிடும். இங்கே ஓட வழியில்லை. எனவே உறுமுகிறது, அதற்கும் நாம் விலகாவிட்டால் கடிக்கிறது.

ஆகையால் உறுமலை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அதற்காக அடித்தால் நாய் உறுமாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும், பயமோ போகாது. பிறகு ஒரு நாள் சத்தமின்றியே கடித்துவிடும். அதைவிட உறுமுகிற நாயே மேல் என்பேன்.

காலைப் பிடித்து இழுப்பதும், குச்சியால் குத்துவதும், குனிந்து கண்ணோடு கண் பார்ப்பதும் கூடாது. எட்ட நின்று தட்டைத் தட்டியோ, சங்கிலியை ஆட்டியோ கூப்பிட்டால் தானே வெளியே வரும். செருப்பைக் கவ்விக்கொண்டு போயிருந்தால் பிடுங்காமல், ஒரு கறித்துண்டைத் தள்ளிப் போட்டு வரவழைக்கலாம். (திருடனுக்குப் பரிசா என்று எங்கள் பாட்டி கேட்பார். கடியைவிடக் கறித்துண்டு மலிவு.)

1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பின்னர் அந்த ஒலி கேட்டாலே எச்சில் ஊறுவதைக் காட்டினார். அதே வழியில் நம் காலடி ஓசையையும் நல்ல செய்தியாக்கலாம். நாய் உறுமாத தூரத்தில் நடந்து, ஒரு துண்டு உணவை வீசிவிட்டு, நிற்காமல் போய்விட வேண்டும். சில நாட்கள் கழித்து அரை அடி நெருங்கலாம். உறுமினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், பின்வாங்குவதே சரி. இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். கூடவே, யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலையில் சாக்கு விரித்துக் கொடுத்தால் அது கட்டிலடியைத் தேடுவதும் குறையும்.

தீபாவளி வெடிக்குப் பயந்து ஒளிந்த நாயையும், குட்டி போட்ட நாயையும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் காதிலோ பல்லிலோ வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் கவலையெல்லாம் தவழும் குழந்தைகளைப் பற்றியே. பந்தைத் தேடிக் கட்டிலடியில் நுழையும் குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்கு எச்சரிக்கை புரியாது. டிரங்குப் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கட்டிலடியைப் பெரியவர்கள்தாம் அடைக்க வேண்டும்.

கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. மஞ்சளோ மிளகாய்த் தூளோ வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்த 14 ஊசிகள் இப்போது இல்லை. சில ஊசிகளே, அதுவும் கையில்.